செட்டிநாட்டுச் சாலைகளில் சைக்கிள்: புதிதாக வருவோருக்கு ஒரு வழிகாட்டி

காரைக்குடிக்கு மாற்றலாகி வருகிறவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்துக்கோ மத்திய மின்வேதியியல் ஆய்வகத்துக்கோ படிக்கவும் பணிபுரியவும் வருகிறவர்கள், ஓய்வு பெற்றபின் கானாடுகாத்தானுக்கும் பள்ளத்தூருக்கும் திரும்பி வந்து பூட்டிய வீட்டைத் திறக்கிறவர்கள் என ஆண்டுதோறும் சிலராவது எங்கள் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் கூட்டத்தில் வந்து சேருகிறார்கள். எல்லோரும் முதலில் கேட்பது எந்த சைக்கிள் வாங்கலாம் என்பதைத்தான். அதற்கு இரண்டு பத்தியில் விடை சொல்லிவிடலாம். அவர்கள் கேட்காமல் விட்டுவிட்டு, ஒரு மாதம் கழித்து நடுவழியில் நின்றபடி தொலைபேசியில் கேட்கும் செய்திகளுக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது.

எங்கள் பகுதி சைக்கிளுக்கு வாகான பூமி. மூச்சு முட்டவைக்கும் மேடு எதுவும் இல்லை. ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே பெரும்பாலும் ஐந்தாறு கிலோமீட்டர்தான். எந்த ஊர் எல்லையிலும் ஒரு டீக்கடை இருக்கும். இங்கே சைக்கிள்காரரைத் தடுத்து நிறுத்துபவை மூன்று. ஒன்று முள், மற்றொன்று வெயில், மூன்றாவது "எங்க போறீக?" என்று கேட்டு நிறுத்துகிற மனிதர்கள். முதல் இரண்டுக்கும் தப்பிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். மூன்றாவதற்குப் பயண நேரத்தில் கால் மணியைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

சைக்கிளைத் தேர்ந்தெடுத்தல்

வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவதுதான் நோக்கம், தூரமும் பத்து கிலோமீட்டருக்குள் என்றால், கேரியர், மட்கார்டு, செயின் கார்டு, ஸ்டாண்டு ஆகிய நான்கும் உள்ள சாதாரண சைக்கிளே போதும், கியர் தேவையில்லை. ஞாயிறுதோறும் நாற்பது ஐம்பது கிலோமீட்டர் சுற்றிவர ஆசை இருந்தால் கியர் சைக்கிள் வாங்கலாம். அப்போதும் டயரின் அகலம் 35 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கட்டும். விரல் பருமனே உள்ள டயர் போட்ட பந்தய சைக்கிள், தார் பெயர்ந்து சரளை தெரியும் எங்கள் உள்சாலைகளுக்கு ஆகாது என்பது என் கருத்து. அதை வைத்திருக்கும் நண்பர்கள் இருவர் இதை ஒப்புக்கொள்வதில்லை, ஆனால் சரளை வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த கனமான மலையேற்ற சைக்கிளையும் கடைக்காரர் தலையில் கட்டப் பார்ப்பார். நாம் ஏறப்போகிற மலை குன்றக்குடி ஒன்றுதான், அதையும் படிக்கட்டு வழியாகத்தான் ஏறப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போதே காற்றடிக்கும் வால்வு எவ்வகை என்று பாருங்கள், ஏனெனில் இது சிறிய விஷயம் போலத் தோன்றிப் பெரிய தொல்லை தரும். வால்டியூப் என்னும் சிறு ரப்பர் குழாய் மாட்டிய பழைய டன்லப் வகைக்கு எந்தக் கிராமத்து சைக்கிள் கடையிலும் காற்றடித்துக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிளில் இருப்பதைப் போன்ற ஷ்ரேடர் வகைக்குப் பெட்ரோல் பங்கிலேயே காற்று கிடைக்கும். ஒல்லியாக நீண்டிருக்கும் பிரெஸ்டா வகைக்கு நேரடியாக எதுவும் பொருந்தாது. அதன்மேல் மாட்ட ஒரு பித்தளைத் திருகு வேண்டும். அது சுண்டுவிரல் நகத்தளவே இருக்கும். அதைத் தொலைக்காதவர் எங்கள் கூட்டத்தில் ஒருவரும் இல்லையாதலால், வாங்கிய அன்றே பம்போடு சேர்த்து நூலால் கட்டிவிடுவது நல்லது.

சீட்டின் உயரத்தையும் அன்றே சரிசெய்துவிட வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, பெடலை அடிமட்டத்துக்குக் கொண்டுவந்து, அதன்மேல் குதிகாலை வைத்தால் கால் மடங்காமல் நேராக நிற்க வேண்டும். அப்போதுதான் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் சற்றே மடங்கியிருக்கும். இரண்டு காலும் தரையில் அழுந்தப் பதிய வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு, பிறகு முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளைக் குறை சொல்பவர்கள் அதிகம்.

இதுவரை ஓட்டியே பழகாத பெண்கள், இந்த வயதில் எப்படி என்று தயங்க வேண்டியதில்லை. செட்டிநாட்டின் வடபகுதி புதுக்கோட்டை மாவட்டத்தில் இருக்கிறது. அந்த மாவட்டத்தில் 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்து சைக்கிளையும் கையில் எடுத்தது. கல்குவாரித் தொழிலாளர்கள் முதல் அங்கன்வாடிப் பணியாளர்கள் வரை ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். அப்போது கற்றவர்கள் இன்று பாட்டிமார்கள். திருமயம் பக்கத்தில் ஒருமுறை, எங்களுடன் வந்த ஒரு புதுமுகம் ஏறத் தெரியாமல் திணறியதைப் பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்து, "கீழ பாக்காத தாயி, தூரத்துல பாரு" என்றார். அன்றைக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

முதல் வாரம்

முதல் மூன்று நாள் காலை ஆறு மணிக்குக் கல்லூரிச் சாலையில் ஓட்டிப் பழகலாம். அந்த நேரத்தில் அங்கே நடைப்பயிற்சி செய்கிறவர்களைத் தவிர வேறு போக்குவரத்து குறைவு. ஒற்றைக் கையால் ஓட்டவும், வேகம் குறையாமல் தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கவும் வராதவரை பேருந்து நிலையப் பக்கம் போகக் கூடாது. திரும்பிப் பார்க்கும்போது ஹேண்டில்பாரும் சேர்ந்து திரும்புவது எல்லாருக்கும் முதலில் நேர்வதுதான். தாடையைத் தோளில் வைப்பதுபோலத் தலையை மட்டும் திருப்பினால் சரியாகிவிடும்.

நான்காம் நாள் ஊர்த்தெருக்களுக்குள் போகலாம். செட்டிநாட்டு ஊர்களின் அமைப்பை இங்கே புரிந்துகொள்வது அவசியம். பெரிய வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டு கிடப்பதால், தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராகவும், அவற்றை இணைக்கும் சந்துகள் குறைவாகவும் இருக்கும். நேரான தெருவில் வேகம் தானாகக் கூடும். ஆனால் சந்து முனையில் இரண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு மேல் மதில் இருப்பதால், குறுக்கே வருகிற வண்டி முட்டுகிற தூரத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். எனவே ஒவ்வொரு முனையிலும் மணியடிக்க வேண்டும். யாருமே இல்லாத தெருவில் மணியடிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். பாதி வீடுகள் பூட்டித்தான் கிடக்கின்றன, யாருடைய தூக்கமும் கெடாது.

காலை எட்டரைக்கும் மாலை நாலே காலுக்கும் பள்ளிப் பிள்ளைகள் விலையில்லா மிதிவண்டிகளில் மூன்று மூன்று பேராகக் கைகோத்துக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஒதுங்கிப் பழக்கமில்லை. நாம்தான் ஒதுங்க வேண்டும். ஹெல்மெட் அணிந்தவரைக் கண்டால் பதினொன்றாம் வகுப்பு மாணவர் எவரும் பந்தயத்துக்கு வருவார். ஏற்றுக்கொண்டு, தோற்றுவிடுங்கள். வென்றவர் மறுநாளிலிருந்து உங்களுக்கு வணக்கம் சொல்வார்; ஜெயித்துவிட்டாலோ ஆண்டு முழுவதும் துரத்துவார்.

முள்

எங்கள் பகுதியில் சாலையின் இருபுறமும் சீமைக்கருவேலம்தான். அதன் முள் காய்ந்தபின் ஆணியைப் போல இறுகிவிடும். மரத்தடியில் உதிர்ந்து கிடப்பது ஒரு பங்கு என்றால், வெட்டிய விறகை ஏற்றிச் செல்லும் வண்டிகள் வழியெல்லாம் சிந்திவிட்டுப் போவது இன்னொரு பங்கு. ஆகவே தார்ச்சாலையின் விளிம்பை ஒட்டி ஓட்டாமல், விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே தள்ளியே ஓட்ட வேண்டும். நிற்பதற்கும் சைக்கிளை மண்ணில் இறக்கக் கூடாது. அவசரத்துக்கு ஒதுங்குகிறவர் தாம் மட்டும் ஒதுங்கி, சைக்கிளைத் தாரிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். கூட்டத்தில் சேருகிறவர்களுக்கு நாங்கள் சொல்லும் முதல் சட்டம் இதுதான், இதை மீறாதவர் எவரும் கிடையாது.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் மாதத்துக்கு ஒரு பஞ்சர் உண்டு. மாற்று டியூப் ஒன்று, டயர் நெம்பும் பிளாஸ்டிக் பட்டை இரண்டு, ஒட்டுத் துண்டுகள், சொல்யூஷன், சிறு உப்புத்தாள், கைப்பம்பு ஆகியவற்றைச் சீட்டுக்கு அடியில் ஒரு பையில் கட்டிக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடையில் 28 அங்குல சாதாரண டயருக்குரிய டியூப் கிடைக்கும். கியர் சைக்கிளின் அளவு கிடைக்காது.

பஞ்சர் ஆனதும் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன் டயரை மெதுவாகச் சுற்றி, முள் தலை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அந்த இடத்தில் சுண்ணாம்பாலோ பேனாவாலோ குறியிட்டுவிட்டுப் பிடுங்குங்கள். பிறகு மிச்சக் காற்றை இறக்கி, டயரின் ஒரு பக்க விளிம்பை மட்டும் பட்டையால் நெம்பி வெளியே எடுத்து, டியூபை உருவுங்கள். டியூபில் காற்றடித்து, கன்னத்தருகே கொண்டுவந்து மெல்லச் சுற்றினால், காற்று கசியும் இடம் தோலுக்குத் தெரியும். காதுக்குக் கேட்காத கசிவும் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். ஓட்டையைச் சுற்றி உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை ஒட்டுத் துண்டைவிடச் சற்று அகலமாகத் தடவி, பளபளப்பு மங்கி விரலில் ஒட்டாத பதத்துக்கு வரும்வரை பொறுத்திருங்கள். ஈரத்தோடு ஒட்டுவதுதான் பலரும் செய்கிற தவறு. பதம் வந்தபின் ஒட்டை வைத்து, கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்த வேண்டும்.

டியூபைத் திரும்ப மாட்டுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. டயரின் உட்புறம் முழுவதையும் விரல்நுனியால் மெல்லத் தடவிப் பார்க்க வேண்டும். நான் கானாடுகாத்தான் சாலையில் முதன்முதலாகத் தனியாகப் பஞ்சர் பார்த்தபோது, புது டியூபைப் பத்தே நிமிடத்தில் மாட்டிவிட்ட பெருமையில் இதைச் செய்யாமல் விட்டுவிட்டேன். முள் வெளியே ஒடிந்து, உள்ளே கடுகளவு நீட்டிக்கொண்டு டயரிலேயே இருந்திருக்கிறது. முந்நூறு மீட்டர் போவதற்குள் புது டியூபும் போயிற்று. தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த இடத்தில் இருந்த பஞ்சர் கடைப் பெரியவர், குறடால் அந்தத் துண்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "இத எடுக்காம டியூப்ப மாத்துனா, கடைக்காரனுக்குத்தான் லாபம் தம்பி" என்றார். அவர் சொன்னதோடு முடிந்திருக்கலாம். அன்று என்னுடன் வந்தவர்கள் அதைக் காரைக்குடி வரைக்கும் கொண்டுவந்து, எனக்கு 'ரெண்டு டியூப்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆண்டுகள் ஆகியும் அந்தப் பெயர்தான் வழங்குகிறது.

வேலைக்குப் போகிறவர்கள்

தினமும் அலுவலகத்துக்கு ஓட்டுகிறவர்கள் பருத்திச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்து பத்து நிமிடம் ஆறியபின் மாற்றிக்கொள்வது நல்லது. பேன்ட்டின் வலது காலை ஒரு ரப்பர் வளையத்தால் கட்டாவிட்டால் செயினின் கறை படியும். சேலையோ துப்பட்டாவோ அணிகிறவர்கள் பின்சக்கரத்துக்கு வலை போடாமல் ஓட்டவே கூடாது. சாப்பாட்டுத் தூக்கை ஹேண்டில்பாரில் மாட்டினால் வளைவுகளில் ஆடி, ஓட்டத்தைக் கெடுக்கும், குழம்பும் சிந்தும். பழைய டியூபை நீளவாக்கில் வெட்டிய பட்டையால் கேரியரில் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம், எந்த சைக்கிள் கடையிலும் சும்மாவே கொடுப்பார்கள்.

செம்மண் தூசியைப் பற்றி ஒரு வார்த்தை. செயினுக்கு எண்ணெய் போடுவது நல்லதுதான். ஆனால் போட்டபின் துணியால் துடைக்காவிட்டால், எண்ணெயும் செம்மண்ணும் சேர்ந்து அரைக்கும் பசையாகிப் பற்களைத் தின்றுவிடும். ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு, ஐந்து நிமிடம் பெடலைப் பின்னோக்கிச் சுற்றுதல், பிறகு வெளிப்புறம் காயும்வரை துடைத்தல், இவ்வளவே போதும். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது தலைக்கு.

காலையில் உங்களோடு சாலையில் இருப்பவர்களையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கோட்டையூர்ப் பக்கமிருந்து கட்டட வேலைக்கு வருகிற கொத்தனார்கள், பால்கேன் இரண்டைத் தொங்கவிட்டு வருகிற பால்காரர், கோலமாவு விற்கிறவர் ஆகியோர் நாம் பொழுதுபோக்காகச் செய்வதைப் பிழைப்பாகச் செய்கிறவர்கள். கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு அவர்களைக் கடக்கும்போது பார்க்காததுபோலப் போகும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. அதை நான் வெறுக்கிறேன். நாற்பது லிட்டர் பாலோடு எதிர்காற்றில் ஒருவர் போவதைப் பின்னாலிருந்து ஒரு கிலோமீட்டர் பார்த்துவிட்டு வந்தால், எப்படி மிதிக்க வேண்டும் என்பது விளங்கும்.

வெயிலும் காற்றும்

மே மாதம் 4-ஆம் தேதி வாக்கில் தொடங்கும் அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை எட்டரைக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். மற்ற மாதங்களிலும் ஒன்பதரையைத் தாண்டாமலிருப்பது நல்லது. மணிக்கு அரை லிட்டர் தண்ணீர் குறைந்த அளவு. கோடையில் அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படும். வெறுந்தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் வேர்வையில் போன உப்பு ஈடாகாது. உப்புப் போட்ட நீர்மோர் நல்லது. இல்லையேல் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து எடுத்துச் செல்லலாம். தலை சுற்றினாலோ, வேர்வை நின்று உடம்பு கொதித்தாலோ, இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே என்று மிதிக்காமல் நிழலில் உட்கார்ந்துவிட்டு யாரையாவது அழைக்க வேண்டும்.

ஆடிக்காற்று மேற்கிலிருந்து வீசும். ஆகையால் அந்த மாதத்தில் மேற்கே உள்ள குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போவதுதான் புத்திசாலித்தனம். தெம்பு இருக்கும் விடியற்காலையில் எதிர்காற்றை முடித்துவிட்டால், திரும்பும்போது காற்றே வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடும். இதில் ஒரு சிக்கல் உண்டு. காலை ஏழு மணிக்குக் கிழக்கு நோக்கித் திரும்பி வருகையில் சூரியன் நேரே கண்ணில் விழும். நமக்குக் கூசுவதுபோலவே பின்னால் வருகிற லாரி ஓட்டுநருக்கும் கூசும், அவருக்கு நாம் தெரியமாட்டோம். பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கை மின்னவிட்டு வருவதற்கு இதுவே காரணம்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்

தனியாக ஓட்டப் பழகியபின் யாருடனாவது சேர்ந்துகொள்ளுங்கள். எங்கள் கூட்டத்துக்குப் பெயரோ பதாகையோ சீருடையோ கிடையாது. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஓர் அண்ணன், மருந்துக்கடைக்காரர், ஆசிரியைகள் இருவர், கல்லூரி மாணவர்கள் சிலர், நான் என்று எட்டுப் பத்துப் பேர் சேருவோம். வயதில் மூத்தவர் அண்ணே, இளையவர் தம்பி, பெண்கள் அக்கா அல்லது டீச்சர். 'சார்' என்ற சொல் டீக்கடையோடு நின்றுவிடும்.

சேர்ந்து ஓட்டுவதற்குச் சில ஒழுங்குகள் உண்டு. தேசிய நெடுஞ்சாலையில் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே போக வேண்டும். ஊருக்குள் செல்லும் சாலையில் இருவர் இணையாகப் போகலாம். முன்னால் போகிறவர் குழியைக் கண்டால் "குழி" என்றும், மாட்டைக் கண்டால் "மாடு" என்றும் உரக்கச் சொல்ல வேண்டும். கையாலும் காட்ட வேண்டும். பின்னால் வருகிறவர் லாரி வந்தால் "வண்டி" என்று குரல் கொடுப்பார். மயிலைக் கண்டால் யாரும் எதுவும் சொல்வதில்லை, சொல்வதற்குள் அது குறுக்கே ஓடிவிடும். எதிர்காற்றில் இரண்டு கிலோமீட்டருக்கு ஒருவர் என்று முறைவைத்து முன்னால் போனால் பின்னால் இருப்பவர்களுக்குச் சுமை குறையும். மருந்துக்கடைக்காரர் தம் முறை வரும்போதெல்லாம் ஷூ லேஸ் கட்டுவதற்காக நின்றுவிடுகிறார் என்பதை எல்லோரும் அறிவோம். அவருடைய ஷூவில் லேஸ் கிடையாது என்பதையும் அறிவோம்.

கடைசியில் வருகிறவருக்காக ஒவ்வொரு பிரிவுச் சாலையிலும் காத்திருக்க வேண்டும். காத்திருப்பதில் ஒரு நேர்மை வேண்டும் என்பதை அனுபவத்தில்தான் கற்றோம். முன்னால் போனவர்கள் ஐந்து நிமிடம் உட்கார்ந்து இளைப்பாறிவிட்டு, பின்தங்கியவர் வந்து சேர்ந்த நொடியில் "கிளம்பலாமா?" என்று எழுந்துவிட்டால், ஓய்வு மிகவும் தேவைப்பட்ட ஒருவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. எனவே கடைசி ஆள் வந்து, தண்ணீர் குடித்து, அவரே "போகலாம்" என்று சொன்ன பிறகுதான் புறப்படுவது எங்கள் வழக்கம்.

பஞ்சர் ஆனால் எல்லோரும் நிற்போம். ஒருவர் வேலை செய்வார், ஒருவர் சாமான் எடுத்துக் கொடுப்பார், மீதிப்பேர் யோசனை சொல்வார்கள். யோசனை சொல்வது கட்டாயம், கேட்பது கட்டாயமில்லை. பஞ்சர் ஆனவர் அன்றைய டீக்குப் பணம் கொடுக்க வேண்டும், தாமதமாக வந்தவர் வடைக்குக் கொடுக்க வேண்டும். தூரத்தைப் பதிவுசெய்யும் செயலியைப் பார்த்துக்கொண்டே ஓட்டுகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது, ஆனால் கேலி உண்டு. வங்கி அண்ணன் ஒருநாள் 49.6 கிலோமீட்டரில் வீட்டு வாசலை அடைந்துவிட்டு, ஐம்பது ஆக வேண்டும் என்பதற்காகத் தம் தெருவையே சுற்றிவர, மூன்றாவது சுற்றில் அவர் மனைவி வெளியே வந்து, வாசல் திறந்துதானே இருக்கிறது, வீடு தெரியவில்லையா என்று கேட்டிருக்கிறார். இதை அவரே எங்களிடம் சொன்னார்.

முதல் பயணங்கள்

முதலாவதாகக் குன்றக்குடியும் பிள்ளையார்பட்டியும். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி சுமார் பத்து கிலோமீட்டர். அங்கிருந்து மூன்று நான்கு கிலோமீட்டரில் கற்பக விநாயகர். தொடக்க வேகத்தில் ஒரு மணி நேரம் பிடிக்கும். குன்று தொலைவிலிருந்தே தெரியுமாதலால் இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்கும் புதியவர்களுக்குக் கையை நீட்டினால் போதும். சதுர்த்தியன்றும் கிருத்திகையன்றும் இந்த வழியில் கார்கள் நெருக்கும். அந்த நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். பொங்கலையொட்டி சிராவயல் மஞ்சுவிரட்டு நாளில் சைக்கிளுக்கு அங்கே வேலையே இல்லை. தைப்பூசத்துக்கு முந்தைய நாட்களில் பழனிக்குப் போகும் நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் குன்றக்குடி வழியே போகும். விடியும் முன்னே இருட்டில் சாரி சாரியாக நடப்பார்கள். அவர்களைக் கண்டால் மணியடித்து விலக்காமல், இறங்கித் தள்ளிக்கொண்டோ எதிர்ப்பக்கம் வெகுவாக விலகியோ போக வேண்டும். வெறுங்காலோடு நடப்பவருக்கு வழிவிடச் சொல்லும் உரிமை சக்கரத்தில் போகிறவருக்குக் கிடையாது.

இரண்டாவதாகக் கோட்டையூர், பள்ளத்தூர் வழியாகக் கானாடுகாத்தான். சுமார் பதினைந்து கிலோமீட்டர். இந்த வழியில் கூட்டம் மிக மெதுவாகத்தான் நகரும், ஏனென்றால் ஒவ்வோர் ஊரிலும் யாராவது ஒருவர் கதை சொல்லத் தொடங்கிவிடுவார். கோட்டையூர் வள்ளல் அழகப்பர் 1909-இல் பிறந்த ஊர். ரோஜா முத்தையா செட்டியார் நூல்களைச் சேர்த்து வைத்திருந்ததும் இங்கேதான். பள்ளத்தூர் 'ஆச்சி' மனோரமா வளர்ந்த ஊர். கானாடுகாத்தானில் 1912-இல் கட்டப்பட்ட அரண்மனையை வெளியிலிருந்து பார்த்துவிட்டு, அகன்ற தெருக்களில் ஒரு சுற்று வரலாம்.

இந்த ஊர்களில் சைக்கிளை எந்தச் சுவரிலும் சாத்தக் கூடாது. முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர்கள் கண்ணாடிபோல வழவழப்பாக இருக்கும். ஹேண்டில்பார் உரசினால் விழும் கீறலை மறைக்க இன்று ஆள் கிடைப்பதில்லை. ஒரு வீட்டுத் திண்ணையோரம் நான் சாத்தப் போனபோது, உள்ளேயிருந்து ஓர் ஆச்சி, "அதுக்குக் காலு இல்லையா?" என்று கேட்டார். இருந்தது, ஸ்டாண்டை இறக்கினேன். பிறகு தண்ணீரும் இரண்டு வெள்ளைப் பணியாரமும் கிடைத்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதேபோல, சுற்றுச்சுவரும் படித்துறையும் உள்ள குடிநீர் ஊருணிகளில் கால் நனைப்பதோ சைக்கிளைக் கழுவுவதோ கூடவே கூடாது.

மூன்றாவதாக ஆத்தங்குடி. கண்ணாடித் தகட்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதன் கட்டங்களில் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றி, சட்டத்தை எடுத்தபின் மணலும் சிமெண்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் தரைக்கல் பட்டறைகளை நிதானமாகப் பார்க்கலாம். மெஷின் பாலிஷ் எதுவுமில்லை, கண்ணாடியிலிருந்து பிரிந்து வருவதால்தான் அந்தப் பளபளப்பு. வாங்க ஆசை வரும். கல்லைச் சாக்கில் சுற்றிக் கேரியரில் கட்டியவர்கள் இருவர், இருவருக்கும் வீட்டில் கிடைத்தது நான்கு துண்டு. முதுகுப்பையில் துண்டால் பொதிந்து ஒன்றே ஒன்று கொண்டுவந்தவர் டீச்சர். அவர் வீட்டில் அது இன்னும் தோசைச் சட்டுவம் வைக்கும் இடமாக இருக்கிறது.

இவை மூன்றும் பழகியபின் 1687-இல் கட்டப்பட்ட கோட்டையைப் பார்க்கத் திருமயத்துக்கும், கார்த்திகை முதல் மாசி வரை பறவைகள் வந்து தங்கும் வேட்டங்குடிக்கும் அரைநாள் பயணமாகப் போகலாம். வேட்டங்குடியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிக்காத மனிதர்கள் வாழ்கிறார்கள். அங்கே மட்டுமாவது மணியை அடிக்காமலும் கூட்டமாகக் கத்தாமலும் இருக்க வேண்டும் என்று ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களிடம் சொல்கிறோம். அவர்கள் அமைதியாகத்தான் இருக்கிறார்கள், வங்கி அண்ணன்தான் நாரையைக் கண்டதும் கூவுகிறார்.

வருகிற ஞாயிறு முதன்முறையாக வருகிறீர்கள் என்றால், சனிக்கிழமை இரவே காற்றை அழுத்திப் பாருங்கள், பிரேக் கட்டை ரிம்மைப் பிடிக்கிறதா என்று பாருங்கள், தண்ணீரை நிரப்பி வாசலில் வையுங்கள். புறப்படுவது ஐந்தரைக்கு. ஐந்து முப்பத்தைந்துக்கு வருகிறவர், எத்தனை வடை வாங்க வேண்டும் என்பதை அங்கே நிற்கும் தலைகளை எண்ணித் தெரிந்துகொள்ளலாம்.